ஊதக் கூடாத ஜவ்வு

வேலங்காட்டுப்பாளையத்தில் தறி ஓடாத நேரம் என்று ஒன்று கிடையாது, பராமரிப்பு வேலை என்று மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்துகிறார்களே, அந்த எட்டு மணி நேரத்தைத் தவிர. அதனால் அந்த ஊரில் பிறக்கிற குழந்தை முதலில் கற்றுக்கொள்வது அம்மா என்று கூப்பிடுவதை அல்ல, அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவதை. கல்யாணப் பேச்சோ, வாய்ச்சண்டையோ, கடையில் கால் கிலோ உளுந்து கேட்பதோ, எதுவானாலும் எதிரே போய் நின்று, தோளைத் தொட்டு, உதட்டைக் காட்டித்தான் பேசுவார்கள். முதுகுக்குப் பின்னால் பேசுவது அங்கே பேசாததற்குச் சமம். ஐம்பதைத் தாண்டியவர்களின் காதில் மிச்சமிருப்பது இரண்டே சத்தம்தான், ஒன்று தறி ஓடும்போது கேட்கிற தறிச் சத்தம், இன்னொன்று தறி நின்ற பிறகும் கேட்கிற தறிச் சத்தம்.

இப்படிப்பட்ட ஊருக்கு பிரணவி என்ற பெண் தானாகத் தேடி வந்தாள் என்றால் அதற்குக் காரணம் காதல். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவள், யாருக்கும் எதுவும் காதில் விழாத ஊர் ஒன்று இருக்கிறது என்று எவரோ சொல்லக் கேட்டு, புருஷனோடு வந்து பாவாயி வீட்டு மாடி அறையில் குடியேறினாள். பெங்களூர்க் கம்பெனி வேலையை லேப்டாப்பில் பார்ப்பவளுக்குத் தறிச் சத்தம் மண்டையைப் பிளந்ததால், ஒரு பழைய தறியின் விலை கொடுத்துப் பால் வெள்ளையில் ஒரு ஹெட்போன் வாங்கி, அதை மாட்டிக்கொண்டே மூன்று மாதம் வாழ்ந்தாள். ஆடி மாதத்தில் இரண்டு வீட்டாரும் சமாதானமாகிக் காரோடு வந்து நிற்கவும், போகிற சந்தோஷத்தில் ஹெட்போனைக் கழற்றிப் பாவாயியின் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீங்களே வெச்சுக்கோங்க அக்கா. இனி எனக்கு வேண்டாம். துடைக்கும்போது மட்டும் பத்திரம். இந்த வலைக்குள்ள ஒரு ஜவ்வு இருக்கு, வெங்காயத் தோல் கனம்தான். தண்ணி படக் கூடாது, ஸ்பிரிட் படக் கூடாது, வாயால ஊதக்கூடக் கூடாது."

பாவாயி அன்று சாயங்காலம், தறிக்கு வேண்டிய ஊடைநூலைக் குச்சியில் தாராகச் சுற்றும் மெஷின் முன்னால் உட்கார்ந்தபோது, விலை உசந்த பொருள் தலையில் எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்று அதை மாட்டிக்கொண்டாள். போனும் இணைக்கவில்லை, சார்ஜும் இல்லை. மாட்டியதும் காதுக்குள், "ஏம்புள்ள, சோத்துக்கு உப்புப் போட்டியா?" என்று மாமியாரின் குரல் கேட்டது. "போட்டனுங்க அத்தை" என்று சொல்லித் திரும்பிப் பார்த்த பிறகுதான் மாமியார் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது என்பது ஞாபகம் வந்தது. அந்தக் கேள்வி அவள் கல்யாணமாகி வந்து முதன்முதலாகத் தார் மெஷினில் உட்கார்ந்த நாளில் கேட்கப்பட்டது. பதில் சொல்லாததற்காக அன்று மாமியார் மூன்று நாள் அவளோடு பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று இருபத்தெட்டு வருஷமாகப் பாவாயிக்கும் தெரியாது. அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. அடடா, இதற்குத்தானா என்றுதான் இருந்தது.

பக்கத்து வீட்டு ராமாயி மாட்டிப் பார்த்தாள், அவளுக்கு அவளுடையது கேட்டது. இரண்டு வாரத்தில் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தறிச் சத்தத்தில் காது வரைக்கும் வந்து உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப்போன சொற்கள் எல்லாம் அந்தப் பால் வெள்ளைக் கிண்ணங்களுக்குள் ஆளுக்கு ஆள் தனித்தனியாக, வந்த வரிசை மாறாமல் இருந்தன. தறிப் பக்கம் கால் வைத்த முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாலு தார் சுற்றி முடிகிற நேரம்தான், அதற்கு மேல் உட்கார்ந்தால் வெறும் இரைச்சல். கேட்காமல் போனது மட்டுமே வருவதால் நாலு தார் நேரத்தில் இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும், விட்ட இடத்திலிருந்து அடுத்த முறை தொடரும், ஒரு தடவை கடந்தது மறுபடி வராது. இது எப்படி, எதனால் என்று கேட்டு நேரத்தைக் கழிக்க அந்த ஊர் ஆட்களுக்கு நேரமில்லை, தறியில் ஏற்றிய பாவு நூல் தீருவதற்குள் வந்து உட்கார வேண்டும், எழ வேண்டும்.

வரிசையை ராமாயி எடுத்துக்கொண்டாள். பாவாயி வீட்டு முன்னாலிருந்த சிமெண்டு அட்டைக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, ஞாயிறு வெளியூர் ஆட்களுக்கு, பாவாயிக்கு மட்டும் எல்லா நாளும், குளிக்காமல் வருகிறவர்களுக்கு எந்தக் கிழமையும் இல்லை என்று அவளே சட்டம் போட்டாள். பத்துத் தறிக்குச் சொந்தக்காரரான வையாபுரி, தன் பட்டறை ஆட்கள் முப்பது வருஷமாக முதுகுக்குப் பின்னால் தன்னை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை வரிசைக்கிரமமாகக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் முகம் சிவந்து எழுந்து போய், மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றார். ஐந்து பேரன் பேத்தி எடுத்த ஒருத்தி, தன்னுடைய இருபதாவது வயதில் பின்னால் நின்று ஒருவன் "உன்னையக் கட்டிக்கறேன், சரின்னா திரும்பிப் பாரு" என்று சொன்னதையும், தான் திரும்பிப் பார்க்காததையும் கேட்டுவிட்டு, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள். ஒருவருக்கு வெறும் குயில் மட்டும் கேட்டது. அவர் அது போதும் என்றார்.

ஆரம்பத்தில் சண்டைகள் வரத்தான் செய்தன. இருபது வருஷத்துக்கு முந்தைய பேச்சுக்கு இன்றைக்குச் சட்டையைப் பிடித்தால் எவன்தான் தாங்குவான். கோயில் கூட்டத்தில் பேசி, ஹெட்போனில் கேட்டதை எந்தப் பஞ்சாயத்துக்கும் கொண்டுவரக் கூடாது, கேட்டதை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழ வேண்டும் என்று முடிவானது. அதன் பிறகு ஊரில் யாரும் யார் முதுகுக்குப் பின்னாலும் எதையும் முணுமுணுப்பதில்லை. எப்போதாவது ஒருநாள் அதுவும் போய்ச் சேர்ந்துவிடுமே என்ற பயம்.

நாற்காலியில் உட்காராத ஆள் ஊரிலேயே ஒருவன்தான், அது பாவாயியின் புருஷன் அத்தியப்பன். வாயில் அதிர்ந்து ஒரு சொல் வராத மனுஷன், நாலு தறிக்கும் ஒற்றை ஆளாக ஓடுகிறவன். ராமாயி எத்தனை தடவை கூப்பிட்டும், "எனக்குக் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டு தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

பாவாயி எதற்காக உட்கார்ந்தாள் என்பது ஊருக்கே தெரியும், யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளுக்கு மேகலா என்று ஒரு பெண் இருந்தாள். நாலு வயதில், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, பட்டறைக்குப் பின்னால் இருந்த தரைத்தொட்டியில் விழுந்து செத்துப்போனாள். அன்று காலை குழந்தை அப்பாவின் தறியோரத்தில் விளையாடிக்கொண்டிருந்தது, அப்பா பாவு எடுத்துவர வெளியே போனார், அம்மா தார் மெஷினில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். எடுத்துப் போட்ட குழந்தைக்கு முன்னால் ஊரே நிற்கும்போது அத்தியப்பன் ஒரே ஒரு தடவை சொன்னான், "வாசப்படில நின்னு சொல்லீட்டுத்தான போனேன், பாப்பாவப் பாத்துக்கன்னு." அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை, அவளைக் குறை சொன்னதும் இல்லை, கை நீட்டியதும் இல்லை. ஊரும் அவளைக் குறை சொல்லவில்லை. பாவம், அவளுக்குக் கேக்கல என்று மட்டும் சொன்னது. அந்த மூன்று சொல்லைப் பத்தொன்பது வருஷமாக அவள் சோற்றோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஒவ்வொரு மாதமாக அந்தப் புரட்டாசியை நோக்கி அவள் போய்க்கொண்டிருந்தாள். மேகலா பிறந்த பிறகான மாதங்கள் வந்தபோது நாலு தார் நேரம் முழுக்க ஒரே குரல்தான். அம்மா, அம்மா, அம்மா பாரு, அம்மா எறும்பு, அம்மா எனக்கு மூக்கு ஒழுவுது. இத்தனை தடவை இவள் கூப்பிட்டாளா, இத்தனை தடவை நான் திரும்பவில்லையா என்று பாவாயிக்கு நெஞ்சு வலித்தது. ஆனால் மறுநாளும் அந்தக் குரலுக்காகவே ஓடி வந்தாள். எழுந்துபோய்த் தொட்டித் திண்டைப் பார்ப்பாள், அது எப்போதோ மண்ணடித்து மூடப்பட்டு மேலே ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது. இன்னும் ஆறு மாதம், இன்னும் மூன்று மாதம் என்று நெருங்க நெருங்க, ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நாலு நாளுக்கு ஒருமுறை என்று காலம் கடத்தினாள். கேட்டுவிட்டால் பிறகு கேட்பதற்கு அந்தக் குழந்தையின் குரல் இருக்காது. கேட்காவிட்டால் வாசற்படியில் என்ன சொல்லப்பட்டது என்பது தெரியாது.

அவள் தயங்கிக்கொண்டிருந்தபோது ஹெட்போன் அழுக்கேறிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கப் பறக்கிற பஞ்சு, ஐந்நூறு தலைகளின் தேங்காயெண்ணெய், மஞ்சள், வியர்வை, திருநீறு எல்லாம் சேர்ந்து பால் வெள்ளை டீ நிறமாகி, உள் வலையில் பஞ்சு மெழுகிவிட்டது போல அடைத்துக்கொண்டது. கார்த்திகை பிறந்தபோது குரல்கள் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல வந்தன. செத்தவர்கள் எல்லாருக்கும் சளி பிடித்துவிட்டதா என்று வையாபுரி கேட்டார்.

சுத்தம் செய்தாக வேண்டும், யார் செய்வது, எதைக் கொண்டு செய்வது என்று கொட்டகையில் ஊர் கூடியது. துணியில் எண்ணெய்க் கறை எடுக்கிற மருந்தை ஒரு சொட்டு விடலாம் என்றார் ஒருவர். சீமெண்ணெய் தொட்ட பஞ்சு என்றார் இன்னொருவர். கஞ்சி வடித்த தண்ணீரில் அழுக்கு எல்லாம் போகும் என்று ராமாயி சொன்னதும், அவளை யாரும் பேச விடவில்லை. செல்போன் பழுதுபார்க்கிற ஷாகுல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலையின் வழியே உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் உதடு தெரிகிற மாதிரி நடுவில் நின்று சொன்னான்.

"இது கிழிஞ்சா நம்மூர்ல தெக்க ஆளு கெடையாதுங்க. கம்பெனிக்காரன் கிட்டப் போனா புதுசு மாத்திக் குடுப்பான். புதுசுல உங்க மாமியா பேசுவாங்களா?"

கடைசியில், பொருள் யாருடையதோ அவள் கையாலேயே ஆகட்டும், கெட்டுப்போனாலும் கேள்வி கேட்பதில்லை என்று பாவாயியின் தலையில் கட்டினார்கள். கேள்வி கேட்க மாட்டோம் என்று ஊர் சொன்னதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

அவள் பிரணவிக்குப் போன் செய்து, துணி காய்ந்ததா ஈரமா, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் துடைப்பது, தும்மல் வந்தால் என்ன செய்வது என்று பதினோரு தடவை கேட்டாள். தட்டாசாரி வீட்டில் தங்கத்தூள் கூட்டுகிற அணில்முடி பிரஷ்ஷை இரவல் வாங்கி வந்தாள். சின்ன வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஒரு டம்ளரின் வாயில் இழுத்து நூலால் கட்டி, அதன்மேல் பஞ்சைத் தூவி, பிரஷ்ஷால் தள்ளிப் பழகினாள். முதல் தோல் தொட்டதும் கிழிந்தது, இரண்டாவதும் மூன்றாவதும் கிழிந்தன, ஒவ்வொன்று கிழிந்ததும் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள். ஒரு வாரம் தினமும் பழகி, கடைசியில் பத்துத் தோலில் பத்தும் கிழியாமல், பஞ்சு மட்டும் ஓரத்துக்கு வந்து நின்றது. வீடெல்லாம் வெங்காய வாடை. அத்தியப்பன் தறியை விட்டு வந்து நிலைப்படியில் நின்று இதைப் பார்ப்பான்.

"வேண்டாம் புள்ள, உட்டுரு. கெட்டுப்போயிருச்சுன்னா நீ தாங்க மாட்ட" என்று ஒருநாள் சொன்னான். முகத்தைப் பார்த்து, தோளைத் தொட்டுத்தான் சொன்னான்.

"தாங்கிக்கறேனுங்க" என்றாள் பாவாயி.

அந்த வாரத்தின் கடைசியில், வலை எவ்வளவு அடைத்திருக்கிறது பார்ப்போம் என்று நாற்காலியில் உட்கார்ந்தவள், எதிர்பாராமல் அந்தச் சனிக்கிழமைக்கே போய் நின்றுவிட்டாள். குழந்தையின் கொலுசு கேட்டது, வெகு தூரத்தில் கேட்பது போல. "அம்மா, அப்பன் சட்டை போடுது" என்றது மேகலா. பிறகு பட்டறைக் கதவின் கீல் முனகியது. பிறகு யாரோ மூச்சை இழுத்தார்கள், பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் இழுப்பது போலவும் இருந்தது, சுமையைத் தூக்குவதற்கு முன்னால் இழுப்பது போலவும் இருந்தது. அதற்கடுத்து வரப்போவது சொல்லா, அல்லது செருப்புச் சத்தமா என்பது அந்தப் பஞ்சுக்குள் தெரியாமலே போய்விடும் என்று உணர்ந்ததும், பாவாயி இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடுங்கி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மூச்சு அங்கேயே நின்றது. அவள் எழுந்திருக்கவே வெகு நேரமானது. அன்றிலிருந்து அவள் உட்காரவில்லை, ராமாயி நாற்காலியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள்.

நாள் குறித்தது எல்லாருமாகச் சேர்ந்துதான். கரண்ட் நிறுத்துகிற நாள்தான் சரி, அன்றுதான் ஊரில் தரை அதிராது, கை நடுங்கினால் அது கையின் நடுக்கம் மட்டுமாக இருக்கும். அந்த நாளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. டீசலில் ஓடுகிற கம்ப்ரஸர் வண்டி ஒன்று பட்டறை பட்டறையாக வந்து நிற்கும், நீள டியூபின் நுனியிலிருக்கிற துப்பாக்கியைப் பிடித்து ஒவ்வொருவரும் தங்கள் தறிமேல் மாதம் முழுக்கப் படிந்த பஞ்சைக் காற்றடித்துத் தள்ளுவார்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் அடிக்க வேண்டும், கிட்டே வைத்தால் பாவு நூல் பொலபொலவென்று அறுந்துவிடும். அத்தியப்பன் அந்த ஒரு சாணை முப்பது வருஷத்தில் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. ஊர் காது கேட்காதவரின் முகம் போல ஆனது. பாவாயி முன்னறைக் கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து, நடுவில் ஹெட்போனை வைத்து, வலப்பக்கம் அணில்முடி பிரஷ், இடப்பக்கம் காய்ந்த மல்துணி என்று வைத்தாள். மின்விசிறி ஓடாது, நல்லது. சன்னலைச் சாத்தினாள். தும்மல் வரக்கூடாது என்று காலையிலிருந்து மிளகாய் தாளிக்கவில்லை. கொட்டகையில் ராமாயியும் வையாபுரியும் இன்னும் இருபது பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், பிரசவ வீட்டு வாசல் மாதிரி. பட்டறையில் அத்தியப்பன் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

கையில் பிசுக்கு இருக்கக் கூடாதே என்று அவள் புழக்கடைக்குப் போய்ச் சீயக்காய் போட்டு மூன்று தடவை கை கழுவினாள். ஈரம் ஒரு பொட்டும் இருக்கக் கூடாதே என்று இரண்டு கையையும் வெயிலில் நீட்டிக்கொண்டு கறிவேப்பிலைச் செடி பக்கத்தில் நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று விரல் இடுக்கெல்லாம் காய்கிற வரைக்கும் நின்றாள். அப்போது பட்டறையில் காற்றுச் சத்தம் நின்றது. நின்ற சத்தம் வேறெங்கோ கிளம்பியது. சாதாரண நாளானால் கேட்டிருக்காது. புஸ் என்று ஒரு தடவை, கொஞ்சம் இடைவெளி விட்டுப் புஸ் என்று இன்னொரு தடவை, வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

அவள் உள்ளே வந்தபோது பட்டறை வாசலிலிருந்து முன்னறை வரைக்கும் டியூப் பாம்பாகக் கிடந்தது. அத்தியப்பன் ஒரு கையில் காற்றுத் துப்பாக்கியும் ஒரு கையில் ஹெட்போனுமாகக் கட்டிலோரத்தில் நின்றான்.

"பஞ்சு பூராப் போயிருச்சு பாரு புள்ள. உனக்கெதுக்குச் செரமம்னுதான்."

போய்த்தான் இருந்தது. வலைகள் இரண்டும் வாங்கின அன்றைக்கு இருந்தது போல வெள்ளையாக இருந்தன, ஒவ்வொன்றின் நடுவிலும் துப்பாக்கி மூக்கு அழுந்திய இடத்தில் காலணா அகலத்துக்கு ஓர் எண்ணெய் வளையம் மட்டும். பாவாயி அதை வாங்கி மாட்டினாள். கொலுசு இல்லை. கீல் இல்லை. மூச்சு இல்லை. இரைச்சல்கூட இல்லை. நாலு தார் நேரம் அல்ல, மத்தியானம் தாண்டுகிற வரைக்கும் அவள் அதைக் கழற்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கழற்றச் சொல்லவில்லை.

கடைசியில் ஷாகுல்தான் மெதுவாக வாங்கித் திருப்புளியால் திறந்து பார்த்தான். இரண்டு ஜவ்வும் நடுவில் கிழிந்து, உரித்த தோலாக ஓரத்தில் சுருண்டிருந்தன. ராமாயி வாய்விட்டு அழுதாள். அவளுக்கு அவளுடைய அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்த இடத்தில் நின்றிருந்தது. ஆனால் அத்தியப்பனை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. "தறிக்காரன் கை, பஞ்சக் கண்டா காத்துத்தான அடிக்கும்" என்றார் வையாபுரி. தானே ஒரு தடவை புது ரேடியோவுக்குக் காற்றடித்து உருப்படாமல் செய்ததைச் சொல்லி, நாலு பேர் சிரிக்கவும் சிரித்தார்கள். கெட்டுப்போனாலும் கேட்பதில்லை என்று சொன்ன ஊர் சொன்னபடி நடந்தது. ஷாகுல் மட்டும் கிளம்பும்போது பாவாயியின் எதிரே வந்து நின்று, சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்தான். ரொம்பக் கிட்ட வெச்சு அடிச்சிருக்குங்கக்கா.

பின்னாட்களில் ஊர் இதையும் பழகிக்கொண்டது. கிழிந்த ஹெட்போனைக் கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டினார்கள், வருகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டு நாலு தார் நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள், சிலர் கேட்கிறது என்றுகூடச் சொன்னார்கள். வரிசை குறைந்தது, ராமாயி நாற்காலியை வீட்டுக்கு எடுத்துப்போனாள், முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பது மறுபடி ஆரம்பமானது. அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் எல்லாரும் கலைந்து போனபோது ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

அத்தியப்பன் பட்டறைக்குள் முதல் தறியின் மேல் குனிந்து நின்றான், காலையில் காற்றடித்த தறி, அதில் அறுந்த நூல் ஒன்றுகூட இல்லை. பாவாயி வாசற்படியில் வந்து நின்றாள், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் நின்றதாகச் சொன்ன அதே படியில். ஊர் அமைதியாக இருந்தது. அவள் குரல் அவளுக்கே தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க. அன்னிக்கு நெசமாலுமே சொல்லீட்டுத்தான் போனீங்களா?"

அவன் நிமிரவில்லை. அச்சுச் சட்டத்தைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. மூச்சை இழுத்தான். அவள் அந்த மூச்சைக் கேட்டாள், அடையாளம் தெரிந்துகொண்டாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தான், அவன் தோளும் கழுத்தும் பேசுகிறவனுடையதாக அசைந்தன, கரண்ட் வந்தது. வேலங்காட்டுப்பாளையத்தின் எல்லாத் தறிகளும் ஒரே அடியில் கிளம்பின. அவன் நிறுத்தவில்லை. தறிகளுக்கு நடுவில், சுவரைப் பார்த்துக்கொண்டு, வாழ்நாளில் ஒருநாளும் பேசாத அளவுக்கு நீளமாக, ஒரு தார் தீர்ந்து இன்னொரு தார் தீருகிற நேரம் வரைக்கும் பேசினான். ஒரு இடத்தில் தோள் குலுங்கியது. ஒரு இடத்தில் கையை எடுத்து வாசற்படிப் பக்கம் காட்டினான்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, அவள் எதிரே வந்து நின்று, தோளைத் தொட்டு, உதடு தெரியக் கேட்டான்.

"கேட்டுச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினால் அவன் இன்னொரு தடவை சொல்வான், இந்த முறை முகத்தைப் பார்த்துச் சொல்வான். கண்ணெதிரே அந்த உதடுகள் இருந்தன, வெடிப்போடு, நடுங்கிக்கொண்டு. அவன் சொன்னான் என்று தெரிந்தால் குழந்தையைக் கொன்றது தன் காது. சொல்லவில்லை என்று தெரிந்தால், பத்தொன்பது வருஷமாகத் தனக்குச் சோறு போட்டு, தன்னோடு படுத்து எழுந்த இந்த மனுஷன் யார்.

"கேட்டுச்சுங்க" என்றாள் பாவாயி.

அவன் முகம் தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டு நாடாவை எடுக்கப் போனான். அவள் தார் மெஷினுக்குத் திரும்பி, அறுந்து கிடந்த நூலின் இரண்டு நுனியையும் தேடி எடுத்து முடிச்சுப் போட்டாள். முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிடுவது போல இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.